வாழ்ந்த ஊருக்குத் திரும்பி வருவது இன்பமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'வாழ்ந்த ஊருக்குத் திரும்பி வருவது இன்பமா, ஏமாற்றமா?' இன்பம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "மொகல் தெரு எங்கே என்றால் டாக்சிக்காரர் முழிக்கிறார். தெருப் பேரே செத்துப்போன ரங்கூனில் எந்த வீட்டைத் தேடுவீர்கள்?"

தேடிக் காட்டுகிறேன். மெட்ராஸிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்று வையுங்கள். கையில் மடிப்பில் கிழிந்த பழைய கடித உறை. விலாசம், 29ஆம் தெரு, மேல் பிளாக். வண்டியில் ஏறி "மொகல் தெரு" என்கிறார். அது இப்போது ஷ்வே பொன் தா தெரு. "டல்ஹௌசி தெரு" என்கிறார். அது மகாபந்துலா. "ஃபிரேசர் தெரு?" அது அனோரதா. "மான்ட்கோமரியாவது இருக்கா தம்பி?" அதுவும் போஜோ ஆங் சான் சாலை ஆகிவிட்டது. கேட்டுக் கேட்டுப் பெரியவருக்குத் தொண்டை அடைக்கிறது. எதிரணி இங்கேயே கதையை முடித்துவிட்டது!

நான் முடிக்க மாட்டேன். பெரியவரே, "சூலே பயா" என்று மட்டும் சொல்லுங்கள். ஊர் நடுவில் இருக்கும் அந்தப் புத்தர் கோயில் கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், இடது கைப்பக்கம் மேற்கு. நம்பர் தெருக்களின் எண்ணை யாரும் மாற்றவில்லை. கிழக்கே போனால் ஏறும், மேற்கே போனால் இறங்கும். 29 வரும்வரை மேற்கே நடங்கள். மகாபந்துலாவுக்கும் அனோரதாவுக்கும் நடுவில் இருப்பது நடு பிளாக். அனோரதாவைத் தாண்டினால் உங்கள் மேல் பிளாக். தாண்டும்போது கவனம்! 1970லேயே வண்டிகளை வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள். பழைய பழக்கத்தில் முதலில் வலது பக்கம் பார்த்துக் காலை வைத்தால், வண்டி இடது பக்கமிருந்து வந்து இடித்துவிடும். முதலில் இடது பக்கம் பாருங்கள்.

வீடு இருக்குமா? இல்லாமலும் போகலாம். இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேளுங்கள். 1960களில் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன நம் சனம் அகதி முகாமில் மனசு ஒட்டாமல், மணிப்பூர் வழியாகத் திரும்பிப் புறப்பட்டது. எல்லையில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். ஊருக்குள் விடாவிட்டால் என்ன, ஊர் வாசலிலேயே இருக்கிறோம் என்று மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரேயில் குடிசை போட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். அந்த மனிதர்களிடம் போய் ஏமாற்றம் என்று சொல்ல வாய் வருமா, ஐயா?

பெரியவரே, வீடு இல்லையென்றால் அங்கேயே நிற்காதீர்கள். அனோரதா சாலையில் காளி கோயில் இருக்கிறது, 1871இல் நம்மவர் கட்டியது. வாசலில் உட்காருங்கள். அந்தக் கடித உறையைப் பார்த்தால், நம் ஆயா ஒருத்தி பக்கத்தில் வந்து கேட்பாள்: "எந்தத் தெருப்பா நீங்க? யாரு வீட்டுப் புள்ள?"