கூடம் கோணல்தான்

(திருகோணமலையில் ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன இரண்டொரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, உப்புவெளியிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கும் அதிபர் அவர்களே, பிரதேச செயலகத்து ஐயா அவர்களே, கிண்ணியாவிலிருந்து நண்பர்களோடு வந்திருக்கும் மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, போன வருடம் இந்தக் கூரைக்குத் தகரம் வாங்கித் தந்துவிட்டுத் தன் பெயரைச் சொல்லவே கூடாது என்று கட்டளையிட்ட கடைக்கார அண்ணை அவர்களே (பெயரைச் சொல்லவில்லை அண்ணை, கையை மட்டும் தூக்குங்கள்), மாதர் சங்கத்துத் தாய்மாரே, பின்வரிசையில் போன் நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் இறங்கியதும் திட்டுங்கள்.

‘மனிதரும் கணினியும்’ என்று தலைப்புத் தந்தார்கள். மூன்று விஷயம் பேசப்போகிறேன். மனிதர்கள் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்கிற துறை எப்படி வந்தது என்பது ஒன்று. செயற்கை நுண்ணறிவு வந்தபின் என்ன மாறியது என்பது இரண்டு. நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலைவாய்ப்பு என்பது மூன்று.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ என் அம்மா இதைச் சொல்லியே என்னை வளர்த்தார். கணக்கில் புள்ளி குறைந்து, கேள்வி விளங்கவில்லை என்று வாய் திறந்தால் இந்தப் பழமொழி வந்து விழும். வாத்தியாராகி நானும் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். இன்றைக்கு அதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். ஏனென்றால், நான் சொல்லவந்த துறை, ஆடுகிறவளை விட்டுவிட்டுக் கூடத்துக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்த துறை. கோணமலைக்காரன் கோணலைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது?

இரண்டாம் உலகப் போர்க்காலம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கியபின், விமானிகள் சிலர் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள். விமானம் வயிற்றில் விழுந்தது. ‘விமானியின் தவறு’ என்று எழுதிவிட்டார்கள், அதாவது ஆடத் தெரியாதவன். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடலுக்கான விசையும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர்ச் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கண் பார்க்காவிட்டாலும் கைக்குத் தெரிந்தது. அந்தத் தவறு நின்றுபோனது. கூடம்தான் கோணல்.

டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் மவுசைக் காட்டியது உங்களுக்குத் தெரிந்த கதை, அதை விடுகிறேன். போட்டோக்கொப்பி இயந்திரம் செய்கிற சீராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் போட்டோக்கொப்பி இயந்திரத்தின் முன் ஆட்களை நிறுத்திப் படம் பிடித்தார். கணினி விஞ்ஞானிகளே அதில் கொப்பி எடுக்கத் திண்டாடினார்கள். படித்தவனுக்கே கூடம் கோணல்.

சரி, என் அக்காவின் கதைக்கு வருகிறேன். அக்கா நாற்பது வருடம் தபால் கந்தோரில் கணக்கு வைத்தவர். ஒரு சதம் பிசகியதில்லை. ஓய்வூதியம் சம்பந்தமாக ஒரு படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டி வந்தது. எந்தப் படிவம் என்று கேட்காதீர்கள், ஐயா முன்வரிசையில் இருக்கிறார். முதல் பெட்டி, முதற்பெயர். இரண்டாவது, குடும்பப் பெயர். அக்கா கேட்டார்: “குடும்பப் பெயர் எண்டா ஆற்ற பெயர் தம்பி? அப்பாவின்ரயோ அத்தானின்ரயோ?” அப்பாவின் தலையெழுத்தைப் போட்டுப் புள்ளி வைத்தார். புள்ளி கூடாது என்றது. புள்ளியை எடுத்தார். ஓரெழுத்துப் போதாது என்றது. சரி என்று அப்பாவின் பெயரை முழுசாக அடித்தார். அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பெட்டி பன்னிரண்டு இலக்கம் கேட்டது. அக்காவிடம் இருப்பது பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் பின்னால் ஒரு ‘வி’யும். முன்னால் மூன்று பூச்சியம் போட்டுப் பார்த்தார், தபால் கந்தோர் மூளை! பெட்டி சிவந்தது. பிறகு பேரன் எதையோ மாற்றி இலக்கத்தை ஏற்றினான். ஓடிபி வந்தது, ஆனால் போன் குசினியில். அக்கா எழுந்துபோய் எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, அது தலையில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திரும்பி வந்தால் ‘நேரம் முடிந்தது’. அடித்ததெல்லாம் அழிந்து வெறும் பெட்டி.

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? “எனக்குத்தான் விளங்கேல்ல தம்பி. வயசு போட்டுது.” அம்மாவின் பழமொழி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது பாருங்கள்.

கதை முடியவில்லை. பேரன் போனில் பேசுகிற செயற்கை நுண்ணறிவைப் போட்டுக் கொடுத்தான். “மோனே, இந்தப் பழைய கார்ட்டை எங்க குடுத்து மாத்திறது?” “நிச்சயமாக அம்மா” என்று தொடங்கி, அலுவலகம், நேரம், ஏழாம் இலக்கக் கவுண்டர் எல்லாம் சொன்னது. அக்கா ஓட்டோ பிடித்துப் போனார். அந்தக் கட்டடத்தில் மொத்தமே நான்கு கவுண்டர். “கோபம் வரேல்லையோ?” என்று கேட்டேன். “பாவம், எவ்வளவு மரியாதையாச் சொன்னது” என்றார்.

சிரிக்காதீர்கள். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தான் செய்த எலைசா என்ற உரையாடும் நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொல்வதையே திருப்பிப் போட்டுக் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். ‘அம்மா’ என்றால் ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்னும். அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்த செயலாளரே, அதோடு பேசத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிளிஃபர்ட் நாஸ் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். ஒரு கணினி தன்னைப் பற்றித் தானே கருத்துக் கேட்டால் மனிதர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள், வேறு கணினியில் கேட்டால் உள்ளதைச் சொல்கிறார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்வது எப்படி என்ற கூச்சம்.

இன்றைய இயந்திரம் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போட்டுப் பேசுகிறது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லும். பெட்டிக்கடை அண்ணையிடம் வழி கேட்டால், தெரியாவிட்டால் தலையைச் சொறிவார். அந்தச் சொறிதலே ஒரு தகவல். இதற்குச் சொறியத் தலையில்லை. கோணல் கூடத்தின்மேல் கம்பளம் விரித்த மாதிரி. ஆடுகிறவளுக்குக் கோணல் தெரியவே தெரியாது.

மூன்றாவது விஷயம்... தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், அது இன்னொரு விழாவுக்கு.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். சனிக்கிழமைகளில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இந்த வாசிகசாலையில் ஒரு மேசை வேண்டும். போனில், கணினியில் மாட்டுப்பட்ட பெரியவர்கள் வரட்டும். பக்கத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று கொப்பியோடு உட்காரட்டும். போனைப் பிடுங்கித் தானே செய்து கொடுக்கக் கூடாது, பேரன் செய்த பிழை அது. ‘நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கோ அம்மா’ என்று கேட்டு, விரல் எங்கே நின்றது, என்ன சொன்னார் என்று எழுதவேண்டும். 1982-இல் கிளேட்டன் லூயிஸ் என்ற ஆய்வாளர் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் எழுதிவைத்த முறை இதுதான். இதற்கு ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி அறை தேவையில்லை, உட்கார ஒரு வாங்கு போதும். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோணல் தெரிந்துவிடும் என்கிறார் இதே துறை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன். மூதூரிலும் கிண்ணியாவிலும் இங்கேயும் ஐயைந்து பேர் கிடைக்கமாட்டார்களா? கொப்பி நிறைந்ததும் ஐயாவின் மேசையில் வைப்போம். அவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று: கடிதத்தைப் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பாதீர்கள், போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும்.

வாங்கு இரண்டு என் வீட்டில் இருக்கிறது. தகரம் தந்த அண்ணை வைஃபைக்குப் பொறுப்பு, கையைத் தூக்கிய குற்றத்துக்கு. சனிக்கிழமை இந்தக் கதவின் திறப்பு யாரிடம் இருக்கும் என்று தலைவர் இப்போதே சொல்லிவிட்டால், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.