ஹருகாசே நாசகாரிக் கப்பல் பழைய ஜப்பானியக் கடற்படையின் தொடர்ச்சியா?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். நேயர் ஒருவர் இரண்டு சந்தேகங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். படை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட ஜப்பான், 1956-இல் ஹருகாசே, யூகிகாசே என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களைப் பணியில் சேர்த்தது எப்படி, அவை பழைய ஏகாதிபத்தியக் கடற்படையின் தொடர்ச்சிதானே என்பது முதலாவது. போரில் மூழ்காமல் தப்பிய யூகிகாசேதான் இந்த யூகிகாசேயா என்பது இரண்டாவது.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, தரைப்படை, கடற்படை, விமானப்படை உள்ளிட்ட எந்தப் போர் ஆற்றலையும் ஜப்பான் வைத்திராது என்கிறது. தற்காப்புக்குத் தேவையான குறைந்த அளவு வலிமை இந்தத் தடைக்குள் வராது என்பது அரசாங்கம் கொண்ட விளக்கம். அதன்படி 1954 ஜூலை 1 அன்று கடல்சார் தற்காப்புப் படை உருவானது. இந்த இரு கப்பல்களுக்கும் 1953 நிதியாண்டிலேயே, அதாவது அந்தப் படை பிறப்பதற்கு முன்பே, பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதுவரை அமெரிக்கா இரவலாகக் கொடுத்த பழைய கப்பல்களைக் கொண்டுதான் காலம் ஓடியது.

தொடர்ச்சியா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. கப்பலின் உடலைப் பார்த்தால் ஒரு பதில், ஆயுதங்களைப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. ஹருகாசே நாகசாகியில் மிட்சுபிஷி தளத்திலும், யூகிகாசே கோபேயிலும் கட்டப்பட்டன. சுமார் 106 மீட்டர் நீளம், 1,700 டன் எடை, 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகம் கொண்ட இந்தக் கப்பல்கள் ஜப்பானியப் பொறியாளர்களின் கைவேலை. ஆனால் அந்தக் கையும் பழைய வழக்கத்திலிருந்து ஓரிடத்தில் விலகியது. 1935-இல் ஒரு சூறாவளியில் சிக்கிய, பழைய கடற்படையின் ஒரு பிரிவான நான்காம் கப்பற்படையில், இரண்டு நாசகாரிக் கப்பல்களின் முன்பகுதியே பிய்ந்து போனது. அதன் பிறகு, கப்பலின் வலுவைத் தாங்கும் முக்கியப் பாகங்களில் பற்றவைப்பைப் பயன்படுத்தப் பழைய கடற்படை அஞ்சி, ஆணியறைந்து இணைக்கும் முறைக்கே பெருமளவு திரும்பியிருந்தது. ஹருகாசேயிலோ மின் பற்றவைப்பு தாராளமாகவே பயன்பட்டது. இரண்டு கப்பல்களுக்கும் வெவ்வேறு வகை நீராவிச் சுழலிகளைப் பொருத்தினார்கள் என்பதிலிருந்தே, பல ஆண்டுகள் கைவிட்டுப்போன தொழிலை மீண்டும் கற்றுக்கொள்ளும் முயற்சி இது என்று நான் கருதுகிறேன்.

ஆயுதங்கள் முழுக்க அமெரிக்க வகை. 5 அங்குலப் பீரங்கிகள் மூன்று, 40 மி.மீ. நான்குகுழல் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இரண்டு, நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஹெட்ஜ்ஹாக் எறிகருவிகள், ஆழ்நீர் வெடிகுண்டுகள் ஆகியவை இருந்தன. இந்தப் பட்டியலில் உள்ளவற்றைவிட இல்லாத ஒன்றுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில்: கப்பல்களைத் தாக்கும் டார்பிடோக்களை, அதாவது நீருக்கடியில் தானே பாய்ந்து செல்லும் வெடிகணைகளை, ஏவும் குழாய்கள் இவற்றில் இல்லை. பழைய ஜப்பானிய நாசகாரிக் கப்பல் என்றாலே 61 செ.மீ. விட்டமுள்ள, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவை 48 நாட் வேகத்தில் கடக்கக்கூடிய டார்பிடோதான் நினைவுக்கு வரும். இரவில் எதிரியின் பெருங்கப்பல்களை நெருங்கி அதை ஏவுவதற்காகவே அந்தக் கப்பல்கள் வடிவமைக்கப்பட்டிருந்தன. சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லும் வேலையை அன்றைய கடற்படை இளக்காரமாகவே பார்த்தது. அதற்கென்று தனித் தலைமையகம் அமைக்கவே 1943 நவம்பர் வரை ஆயிற்று. அதற்குள் அமெரிக்க நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. எண்ணெயும் அரிசியும் கடல்வழியே வந்தாக வேண்டிய நாட்டுக்கு அது கழுத்தில் விழுந்த சுருக்கு. 1950-களில் சோவியத் நீர்மூழ்கிகளை எதிரே கண்ட புதிய படை, அந்தப் பழைய அடியை மறக்கவில்லை. ஆகவே, கட்டியவர்களின் திறமை தொடர்ந்தது, கப்பலுக்குக் கொடுத்த வேலை தொடரவில்லை என்பதே என் முடிவு. பின்னாளில் இத்தகைய கப்பல்களை ஜப்பானியர் நாசகாரி என்று அழைக்காமல் 'கோஎய்கான்', அதாவது துணைநின்று காக்கும் கப்பல், என்று அழைத்தார்கள். அரசியல் கூச்சம் அந்தப் பெயருக்கு ஒரு காரணம்தான் என்றாலும், இந்தக் கப்பல்களைப் பொறுத்தவரை அது பொய்ப் பெயர் அல்ல.

இரண்டாவது சந்தேகத்துக்கு விடை, இல்லை என்பதே. பெயர் மட்டும்தான் ஒன்று. அதையும் பழைய கப்பலைப் போலச் சீன எழுத்தில் எழுதாமல் ஹிரகானா எழுத்தில் எழுதினார்கள். 1940-இல் பணியில் சேர்ந்த பழைய யூகிகாசே, ககெரோ வகையைச் சேர்ந்த 19 கப்பல்களில் போர் முடிந்தபோது மிஞ்சிய ஒரே கப்பல். 1945 ஏப்ரலில் யமாட்டோ போர்க்கப்பலின் கடைசிப் பயணத்திலும் உடன் சென்று அது திரும்பி வந்தது. 1947-இல் இழப்பீடாகச் சீனக் குடியரசிடம் ஒப்படைக்கப்பட்டு, டான்யாங் என்ற பெயரில் பிறகு தைவானில் பணியாற்றியது. எனவே 1956-இல் புதிய யூகிகாசே பணியில் சேர்ந்தபோது, பழையதும் வேறு நாட்டுக் கொடியின் கீழ் மிதந்துகொண்டுதான் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் பழைய கப்பலை உடைத்தபோது, அதன் சுக்கான் சக்கரமும் நங்கூரமும் ஜப்பானுக்குத் திரும்பி வந்தன. அவை கடற்படைப் பயிற்சிப் பள்ளி இருக்கும் எடாஜிமாவில் வைக்கப்பட்டுள்ளன.