தூணுக்குப் பாடம் சொன்ன பிள்ளை

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எங்கள் ஆலயத்து வராந்தாவில் வரிசையாக ஆறு தூண்கள் நிற்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளி முடிந்த பிறகு, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா உள்ளே பாடகர் குழு ஒத்திகையில் இருந்தார். தூண்கள்தான் மாணவர்கள். கையில் ஒரு வேப்பங்குச்சி.

"சொல்லு! மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும். சொல்லு!"

தூண் சொல்லவில்லை. குச்சியால் ஓர் அடி விழுந்தது.

"எத்தனை தடவை சொல்வது? மண்டைக்குள் என்ன இருக்கிறது, களிமண்ணா?"

பெருக்கிக்கொண்டிருந்த ஆலயப் பணியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் களிமண் என்னுடையது. அரை மணி நேரத்துக்கு முன்னால், மனப்பாட வசனம் சொல்லத் திணறிய ஒரு பையனிடம் நான் கேட்ட கேள்வி அது. குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறாமல் அப்படியே தூணுக்குப் போயிருந்தது. மென்மையான பதில் கோபத்தைத் தணிக்கும் என்கிற, வேதாகமத்தின் நீதிமொழிகள் 15-ஆம் அதிகாரத்து முதல் வசனத்தையும் அவள் பிழையில்லாமல் கற்றிருந்தாள், அதை நான் சொல்லிக்கொடுத்த விதத்தையும் பிழையில்லாமல் கற்றிருந்தாள்.

சிறு பிள்ளைகளுக்குக் கனிவாகப் பேசக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த வேப்பங்குச்சிதான். ஆகவே தேர்ந்த ஆசிரியை ஒருத்தியின் அறிவுரையாக இதைக் கேட்க வேண்டாம்.

ஓய்வுநாள் பள்ளி பிறந்த கதையிலும் பிள்ளைகளின் பேச்சுக்கு ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் குளூஸ்டர் நகரத்தில் குண்டூசித் தொழில் பெரிய தொழில். வாரம் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூடி, கூச்சலும் சாபமும் வசையுமாகத் திரிந்தார்கள். அதைப் பார்த்து வருந்திய ராபர்ட் ரைக்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், 1780-இல் சில பெண்களுக்கு ஞாயிறு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்து அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கச் சொன்னார். கெட்ட வார்த்தை பேசிய பிள்ளைகளைத் தேடிப் போய்த் தொடங்கிய பள்ளியில், களிமண் மண்டை என்று சொல்லும் டீச்சராக நான் நின்றிருக்கிறேன்.

சரி, பிள்ளைகளிடம் ஆண்டவர் எப்படிப் பேசினார்? அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷம் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. ஆனால் இயேசு வீட்டிலும் தெருவிலும் பேசியது அரமேய மொழி. அந்த மொழியின் சில சொற்களைச் சுவிசேஷகர்கள் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று ராகா. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், தன் சகோதரனை 'வீணன்' என்று சொல்லுகிறவனைப் பற்றி நம் தமிழ் வேதாகமம் சொல்கிறதே, அந்த இடத்தில் மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். வெறுமை என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. உள்ளே ஒன்றும் இல்லாதவன், காலி மண்டை. என் களிமண்ணுக்கு அண்ணன் முறை. அப்படிச் சொல்லுகிறவன் ஆலோசனைச் சங்கத் தீர்ப்புக்கு, அதாவது யூதர்களின் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு, ஏதுவாயிருப்பான் என்கிறார் இயேசு. சின்ன வசவுக்கு இவ்வளவா என்று இளம் வயதில் எனக்குத் தோன்றியதுண்டு.

இன்னொன்று தலீத்தாகூமி. மாற்கு 5-ஆம் அதிகாரம். யவீருவின் மகள், பன்னிரண்டு வயதுப் பெண், இறந்து கிடக்கிறாள். வீடு முழுக்க அழுகையும் ஓலமும். பிள்ளை தூங்குகிறாள் என்று இயேசு சொன்னதைக் கேட்டு அங்கிருந்தவர்கள் நகைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த இரைச்சலை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து அவர் சொன்னது, "சிறு பெண்ணே, எழுந்திரு." அம்மா காலையில் மகளை எழுப்பும்போது சொல்லக்கூடிய சாதாரண வீட்டுப் பேச்சு. அவள் எழுந்து நடந்ததும் அடுத்து என்ன சொல்கிறார்? அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். நம் ஊர் ஆச்சிமார் யாராவது அங்கே இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

யவீருவின் வீட்டுக்குப் போகும் வழியில்தான், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாடு என்னும் ஓயாத இரத்தப்போக்கு உள்ள ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவள் பெயர் நமக்குத் தெரியாது. ஊருக்கு அவள் ஒரு நோய், ஒரு தீட்டு. இயேசு அவளை "மகளே" என்று கூப்பிட்டார். எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது என்று இந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தமிழில் இது இன்னும் கூர்மையானது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நமக்கோ வாய் திறந்தாலே, எதிரில் நிற்பவருக்கு 'வா' என்பதா, 'வாருங்கள்' என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை இதை யாரும் இலக்கணம் நடத்தாமலே கற்றுக்கொள்கிறது. போதகருக்கு வாருங்கள். டாக்டருக்கு வாருங்கள். மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு? குப்பை எடுக்க வருகிற பெரியவருக்கு? பெரியவர்கள் யாருக்கு எந்த விகுதி போடுகிறார்கள் என்று பிள்ளை காதால் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறது. ஊரின் ஏற்றத்தாழ்வு முழுவதும், சாதி உட்பட, அப்படித்தான் அதன் நாக்கில் ஏறுகிறது. ஆலயத்தில் எல்லாரும் சகோதரர் சகோதரிகள் என்று எத்தனை பாட்டுப் பாடினாலும் வினைச்சொல்லின் வால் உண்மையைச் சொல்லிவிடும்.

இதை நான் கற்றது என் பேத்தியிடம். அவளுக்கு அப்போது நான்கு வயது. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது, என்னைவிட மூத்தவர். ஒரு நாள் காலை, பேத்தி அடுக்களை வாசலில் நின்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏய், இங்கே வா, என் டம்ளரை எடு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்த முகத்தோடு. முப்பது ஆண்டுகளாக நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுவந்தேன், வா போ என்றுதான் பேசிவந்தேன். 'ஏய்' மட்டும்தான் பேத்தி சேர்த்த சொந்தச் சரக்கு.

பேத்தியை மன்னிப்புக் கேட்க வைப்பது சுலபம். பிள்ளைகளின் 'சாரி' பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அடித்துவிட்டு சாரி, பிடுங்கிவிட்டு சாரி. பஸ்ஸில் சில்லறை கொடுப்பதுபோல நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் அன்று மன்னிப்புக் கேட்டது நான். பேத்திக்கு முன்னாலேயே கேட்டேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "சின்னப் பிள்ளைதானே அம்மா, விடுங்கள்" என்றார். நான் என்னைப் பற்றிச் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரியவில்லையா, புரியாததுபோல் இருந்தாரா, தெரியவில்லை. அன்று முதல் அவர் பேத்திக்கு 'ஆச்சி'.

இளம் பெற்றோருக்கு, அனுபவத்தில் கண்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுப் பிள்ளை எங்கோ கேட்ட கெட்ட வார்த்தையை மழலையில் சொன்னால் வீடே சிரிக்கிறது. மாமா திரும்பச் சொல்லச் சொல்கிறார். யாரோ அதைப் படம் பிடித்துக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். நான்கு வயதில் அதே வார்த்தைக்கு அடி விழுகிறது. பிள்ளைக்கு என்ன புரியும்? முதல் முறை சிரிக்காமல் இருந்தால் போதும், பல வார்த்தைகள் தானே உதிர்ந்துவிடும். கறுப்பி, குண்டு, நொண்டி என்று உறவுக்காரர்கள் செல்லமாக வைக்கும் பட்டப்பெயர்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். செல்லம் என்பது வைத்தவருடைய கருத்து மட்டுமே.

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் என்ற ஊர் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல், 1951-இல் மறையும் வரை அங்கே பிள்ளைகளை வளர்த்தார். அவர் பெயரோடு சேர்த்து மூன்று கேள்விகளைச் சொல்வார்கள். பேசும் முன் கேள்: இது உண்மையா? இது கனிவானதா? இது தேவையா? பெரியவர்களுக்கு அருமையான சல்லடை. நான்கு வயதுக்கு மூன்று சல்லடை அதிகம் என்பது என் எண்ணம். அந்த வயதுக்கு, "இதை உன்னிடம் யாராவது சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்?" என்ற ஒரு கேள்வி போதும். அதையும் அழுகை ஓய்ந்த பிறகு கேட்க வேண்டும். கொதிக்கிற உலையில் போய்க் கை வைக்கக் கூடாது.

கனிவு என்றால் வாய்மூடி இருப்பது என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பெரியவர் யாராவது தொடுவதோ கொஞ்சுவதோ பிடிக்கவில்லை என்றால், "வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை" என்று சத்தமாகச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு. எதிர்த்துப் பேசுகிறாள் என்று அதை அடக்கக் கூடாது. வேதாகமத்தில் எபேசியர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் அன்புடன் சத்தியத்தைக் கைக்கொள்ளச் சொல்கிறது. அன்பை மட்டும் பிள்ளைக்கு வைத்துவிட்டுச் சத்தியத்தை நாம் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

புதிதாகத்தான் எல்லாவற்றையும் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்ல நம் பிள்ளைகளை நாம் விடுவதில்லை. "போய்வருகிறேன்" என்று சொல், என்கிறோம். நடை பழகும் வயதிலேயே அது வந்துவிடுகிறது. எந்தப் பிள்ளையையும் அதற்காக அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வாசலில் நின்று எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள், பிள்ளையும் சொல்கிறது.

தூண்களுக்குப் பாடம் சொன்ன சிறுமி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்த விளையாட்டு அவளுக்கு நினைவில்லையாம். திணறிய பையனின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஆச்சி நாளைக் காலை ஏழு மணிக்கு வருவார். பருவம் என்பதால் முந்தானையில் பேத்திக்கு இரண்டு பனங்கிழங்கு முடிந்துகொண்டு வந்தாலும் வருவார். "ஆச்சி, வாருங்கள்" என்று இவள் வாசலுக்கு ஓடுவாள். அவளுக்கு அது பழக இரண்டு வாரம் ஆனது. எனக்கு இரண்டு வருடம் ஆகியும், பெயர் தொண்டை வரை வந்து நிற்கிறது. விழுங்கிவிட்டு, "வாருங்கள் அக்கா" என்கிறேன்.

வணக்கம்.