சங்கம் பதிவாகிவிட்டது, அதிகாரி ஏன் பேச மறுக்கிறார்?

முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன். கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: 'அய்யா, நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் சேர்த்து 64 பேர் சங்கம் ஆரம்பித்துப் பதிவும் செய்துவிட்டோம். சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினால், உங்கள் சங்கத்தோடு பேச வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்கிறார் அதிகாரி. என் மச்சான் நெய்வேலியில் வேலை பார்க்கிறார். அங்கே ஓட்டுப் போட்டு சங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?'

தம்பி, கோபப்படாதீர்கள். அதிகாரி சொன்ன விதம் எப்படியோ, சொன்ன விஷயம் விதிப்படி சரிதான். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்று, ரேஷன் கார்டில் இன்னும் பெயர் ஏறவில்லை என்றால் கடையில் அந்தப் பிள்ளைக்கு அரிசி போடுவார்களா? அதுபோலத்தான். பதிவு செய்தால் சங்கத்துக்கு ஒரு உடம்பு கிடைக்கிறது. தன் பெயரில் கணக்கு வைக்கலாம், வழக்குப் போடலாம். எதிரே உட்கார்ந்து பேச நாற்காலி கிடைப்பது அங்கீகாரத்தால்தான்.

இதற்காக யாரும் உங்களைச் சங்கத்தை விட்டு விலகச் சொல்ல முடியாது. அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் அரசு ஊழியர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் நடத்தை விதி இருந்தது. அரசியலமைப்பின் 19வது பிரிவு தரும் சங்கம் அமைக்கும் உரிமைக்கு அது எதிரானது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. யாராவது மிரட்டினால் அதைச் சொல்லுங்கள்.

சரி, அங்கீகாரம் எப்படி வாங்குவது? மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கென்று 1993இல் தனியாக அங்கீகார விதிகள் வந்தன. ஒரு பதவிப் பிரிவில் இருக்கும் மொத்த ஊழியரில் குறைந்தது 35 சதவீதம் பேர் உங்கள் சங்கத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு சங்கம்தான் 35ஐத் தாண்டியிருக்கிறது என்றால், அடுத்த இடத்தில் இருப்பதற்கு 15 சதவீதம் இருந்தாலும் கொடுக்கலாம். கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களில் 35 சதவீதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அலுவலகத்துக்கு இல்லை, பதவிப் பிரிவுக்கு. பிரிவில் 400 பேர் என்றால் 140 பேர் வேண்டும். உங்கள் 64 பேர் 15 சதவீதத்தைத்தான் தாண்டுவார்கள், அதுவும் 400 பேர்தான் என்றால். துறை முழுக்க எண்ணினால் எத்தனை ஆயிரமோ!

அந்த எண்ணிக்கையை உறுப்பினர் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். சம்பளப் பட்டியலில் சந்தா பிடித்தம் ஆகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் 'என் சம்பளத்தில் இந்தச் சங்கத்துக்குச் சந்தா பிடித்துக்கொள்ளுங்கள்' என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு சங்கம்தான். டீக்கடையில் நான் உங்கள் பக்கம்தான் என்று சொல்கிறவர்கள் எல்லாம் கணக்கில் வர மாட்டார்கள்.

நான் கிளைச் செயலாளராக இருந்தபோது மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் படிவங்களை வாங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் பதினொரு படிவம் திரும்பி வந்தது. ஒன்றில் ஊழியர் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. இரண்டில் தேதி இல்லை. மிச்சத்தில் கையெழுத்து, பணிப்பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். அதில் ஒருவர் கண் ஆபரேஷன் முடிந்து வந்தவர், கையெழுத்து எப்படி ஒத்துப்போகும்? திரும்பவும் அலைந்தோம்.

நெய்வேலி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மச்சான் பொதுத்துறை நிறுவனத்துத் தொழிலாளி. அவர் தொழிலுறவுச் சட்டத்துக்குள் வருகிறார், நீங்கள் பணி விதிகளுக்குள் வருகிறீர்கள். அந்தப் பக்கம் எந்தச் சங்கத்துக்குப் பெரும்பான்மை என்று பார்க்க ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். 1995இல் இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கான நடைமுறையையே வகுத்துக் கொடுத்தது. ரயில்வேயில் கூட 2024 டிசம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. அதன்படி 51 சதவீதம் ஆதரவு உள்ள சங்கம்தான் தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. என்னைக் கேட்டால், ஓட்டுப்பெட்டி நேர்மையான வழி. யார் எந்தப் பக்கம் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. சந்தா பிடித்தத்தில் உங்கள் பெயர் அலுவலகக் கணக்கிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள்.

அங்கீகாரம் வந்த பிறகும் கவனம் வேண்டும். நிர்வாகிகள் உறுப்பினர்களிலிருந்துதான் வர வேண்டும், வெளியாள் கூடாது. தனி ஒருவருடைய இடமாற்றத்துக்காகச் சங்கம் மனு கொடுக்க முடியாது, பொதுவான கோரிக்கைக்குத்தான். சங்கப் பணத்தைச் சங்க நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி கொடுத்தது உள்ளிட்ட புகார்களில், 2023 ஏப்ரலில் அஞ்சல் ஊழியர்களின் பெரிய சங்கத்துக்கும் சம்மேளனத்துக்கும் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். எனக்கு அது அநியாயம் என்றுதான் பட்டது. ஆனால் விதி அப்படி இருக்கிறது, தெரிந்துகொண்டு நடங்கள்.

வேலைநிறுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 2003இல் தமிழ்நாட்டில் சுமார் 1.7 லட்சம் பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் 64 பேரை வைத்துக்கொண்டு எடுத்தவுடன் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: உங்கள் பதவிப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள சங்கங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேருக்குச் சந்தா பிடிக்கிறார்கள் என்பதையும் அதிலேயே கேளுங்கள். அந்த எண் கைக்கு வந்த பிறகு படிவம் வாங்கக் கிளம்புங்கள். கையெழுத்துப் போடும்போது சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, ஊழியர் எண்ணை அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.