தம்பி வெளியே நிற்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி.யின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கோப்பையில் தொடங்குவதில்லை. "கடைசி இடத்துல கிடந்தோமே, ஞாபகம் இருக்கா?" என்றுதான் தொடங்கும். வேறு ஊர் ரசிகர்கள் இதைக் கேட்டால் விநோதமாகத்தான் பார்ப்பார்கள்.

2015 ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக். நவம்பரில் பட்டியலின் அடியில் நாங்கள். பயிற்சியாளர் மார்க்கோ மாட்டராசி, உலகக் கோப்பை வென்ற இத்தாலிக்காரர். அவரையே திட்ட ஆரம்பித்திருந்தோம். அப்புறம் லீக்கின் கடைசி நாலு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து மூன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் என் ஒரே பதில், கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா. அந்த சீசனில் 13 கோல். பந்து காலில் பட்டதும் எதிரணித் தடுப்பாளர் திரும்புவதற்குள் ஆள் அந்தப் பக்கம் போயிருப்பார்.

அந்த நேரம் பார்த்து ஊரில் வெள்ளம். நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. எங்கள் வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது, சுவரில் முட்டியளவுக் கறை மட்டும் காயவில்லை. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் கொல்கத்தாவை 3-0 என்று அடித்ததைப் பார்த்தோம். அந்த மாதம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

டிசம்பர் 20, இறுதி ஆட்டம், கோவாவின் சொந்த மைதானமான ஃபட்டோர்டாவில். நமக்குக் கிடைத்த பெனால்டியை அவர்கள் கோல்கீப்பர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை பெலிசாரி உள்ளே தள்ளினார். நாலே நிமிடத்தில் கோவா சமன் செய்தது. இன்னொரு பெனால்டி, அதையும் அதே கோல்கீப்பர் தடுத்துவிட்டார். 87-ஆவது நிமிடம், ஃப்ரீ கிக், கோவாவுக்கு 2-1.

"அவ்ளோதான்" என்று என் தம்பி எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அவன் படியேறிய நேரத்தில் பந்து கோவா கோல்கீப்பர் மேல் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே விழுந்தது. 2-2. தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் கூட்டிக் கொடுத்த சில நிமிடங்களில் மெண்டோசா. 3-2. நாங்கள் போட்ட கூச்சலுக்கு அவன் ஓடி வந்து பார்த்தது ரீப்ளேதான்.

அன்றோடு அவனுக்குத் தடை. முக்கியமான ஆட்டமென்றால் அவன் அறைக்கு வெளியேதான்.

2016-இல் ஏழாம் இடம். சரி, அதை விடுங்கள். அடுத்த சீசனில் பயிற்சியாளராக ஜான் கிரிகரி வந்தார். வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் நடுக்களத்தில் நின்று ஆடினார், எங்களுக்கு அதுவே பாதிக் கோப்பை. 2018 மார்ச் 17, இறுதி ஆட்டம், எதிரணி பெங்களூரு, அவர்கள் மைதானம். அவர்களின் சுனில் சேத்ரி முதல் கோல் அடித்ததும் தம்பியை வெளியே அனுப்பினோம். நம் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியே இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. மறுபடியும் 3-2.

மறு சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த சீசனும் மோசமாகத்தான் தொடங்கியது. டிசம்பரில் ஓவன் கோயல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். வால்ஸ்கிஸ் கோல்களாகக் குவித்தார், கிரிவெல்லாரோவின் இடது கால் பேசியது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டினோம். என்னைக் கேட்டால் மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்த சீசன் இதுதான், கோப்பை இல்லாவிட்டாலும்.

2020 மார்ச் 14, இறுதி ஆட்டம், கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத அரங்கம். அங்கே வீரர்கள் கத்துவதெல்லாம் டிவியில் தெளிவாகக் கேட்டது. கொல்கத்தா 2-0 முன்னிலை. 69-ஆவது நிமிடம் வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பினார். கதவிடுக்கில் தம்பியின் தலை தெரிந்தது. "வெளிய போடா!" என்று மொத்த வீடும் கத்தியது. போய்விட்டான். ஆட்டம் 3-1 என்று முடிந்தது.

"நான் வெளியதானே நின்னேன்?" என்று இன்றைக்கும் கேட்கிறான். தலையை நீட்டினாயே என்கிறோம்.