சிவப்பணுவுக்குள் ஒரு கருந்துகள்

நேயர்களுக்கு வணக்கம். 1897-இல் விடுப்பில் உதகைக்கு வந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், மலேரியாவை ஆராயச் சீகூர் பக்கம் இறங்கிப் போய், தானே அந்தக் காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை அவர் அடையாளம் கண்டுகொண்டது ஒரு கருநிறத் துகளை வைத்துத்தான். அந்தத் துகளைத்தான் இன்று நுண்ணோக்கியில் பொருத்திய நிறமாலைமானியில், அதாவது எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவியில், தேடுகிறோம்.

கிருமி சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் மிஞ்சும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதி கிருமிக்கே நஞ்சு. அதனால் அதை ஹீமோசோயின் என்ற படிகமாகக் கட்டி ஒதுக்கிவிடும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 415, 541, 577 நானோமீட்டரில் ஒளியை நன்றாக உறிஞ்சும். 650-க்குப் பக்கத்தில் பெரும்பாலும் விட்டுவிடும். ஹீமோசோயின் தடம் காட்டுவது அங்கேதான்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. மருந்திட்ட குழாயில் எடுத்த ரத்தத்தை அன்றைக்கே பாருங்கள். 0.9 சதவீத உப்புக்கரைசலில் நீர்க்கவைத்து, ஒரு சிறு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப் மூடி, ஓரங்களை வாசலினால் அடையுங்கள். வெறும் தண்ணீர் கலந்தால் அணுக்கள் உப்பி வெடித்துவிடும். கிருமியை நுண்ணோக்கியில் காண வழக்கமாக ஏற்றும் ஜீம்சா சாயம் இதற்கு ஆகாது. அதிலுள்ள நீலச் சாயமும் 650-ஐ ஒட்டியே உறிஞ்சும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் முதலில் அணுக்கள் இல்லாத வெற்றிடத்தை அளந்து, பிறகு கிருமி உள்ள அணுவையும் அதே காட்சியில் உள்ள நல்ல அணுவையும் அளந்து கழிக்க வேண்டும். அணுவின் விளிம்பில் ஒளி சிதறும், நடுப்பகுதியையே பிடியுங்கள்.

பெரிய ஏமாற்று, பழைய ரத்தம். நாள்பட்டால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஏந்த முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாறி 630-இல் ஒரு மேடு காட்டும். அவசரக்காரர் அதையே மலேரியா என்று எழுதிவிடுவார். கூடவே 577 மேடு தாழ்ந்திருந்தால் ரத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று, உயிருள்ள கிருமிக்குள் படிகங்கள் கொதிக்கும் உலையில் அரிசிபோலத் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே அணுவைப் பலமுறை அளந்து சராசரி எடுக்காவிட்டால் எண் ஒருபோதும் நிலைக்காது. நம் உதகைக் குளிருக்குக் கருவியின் விளக்கையும் அரைமணி நேரம் எரியவிட வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடில் பனி பூத்தால் துடைத்துவிட்டு அளக்கத் துணியாதீர்கள், அது அறைச்சூட்டுக்கு வரட்டும்.

ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகையில் முற்றிய கிருமி உள்ள அணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். விரல்நுனி ரத்தத்தில் கிடைப்பவை பெரும்பாலும் வளையம்போலத் தெரியும் இளம் கிருமிகள். அவற்றில் படிகம் மிகக் குறைவு. ஆகவே 650-இல் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மலேரியா இல்லை என்று எழுதிவிட முடியாது. அதே ரத்தத்தை ஸ்லைடில் தடித்த பூச்சாக எடுத்து, ஜீம்சா போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.