முடியாமல் நிற்கும் மாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். கணினி விளையாட்டுகளை விரும்பி ஆடுபவர்களே அவற்றில் புதிய ஊர்களையும் வாகனங்களையும் கதைகளையும் சேர்த்து உருவாக்குபவற்றை ‘மாட்’ என்கிறோம். அவற்றுள் பெரிதாகத் திட்டமிடப்பட்டவை ஏன் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் இதில் இறங்கியிருக்கும் பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்துவருபவன் என்ற முறையில் அதை நான் ஏற்கமாட்டேன்.

2017-இல் வெளிவந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வில், ஆடுபவர் தாமே வடிவமைத்த வாகனத்தைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. நம் மாநகரப் பேருந்தை அதில் கொண்டுவர ஒருவரே போதும். உருவம் செய்து, வண்ணம் பூசி, பலகையில் வழித்தட எண்ணை எழுதிவிட்டால் வண்டி ஓடத் தொடங்கிவிடும். அதே இளைஞர்கள் சேர்ந்து, பாரிமுனை முதல் எண்ணூர் வரை வடசென்னை முழுவதையும் ஒரு விளையாட்டுக்குள் கட்ட முனையும்போதுதான் சிக்கல் எழுகிறது.

எனக்குத் தெரிந்த குழு ஒன்று முதலில் எடுத்துக்கொண்டது, 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை. வெண்ணிறத் தூண்களையும் அவற்றின் நிழல் சுவரில் விழும் விதத்தையும் பார்த்துப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் அதன் முன்னே பேருந்தை ஓட்டியபோது முன்சக்கரம் சாலைக்குள் புதைந்தது. படியேற வந்த பயணி மூன்றாம் படியில் சிக்கி, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். எது கெட்டியான தரை, ஆள் எங்கெங்கே நடக்கலாம் என்பதை விளையாட்டுக்குத் தெரிவிக்க, கண்ணுக்குப் புலப்படாத பரப்பு ஒன்றைத் தனியே அமைக்க வேண்டும். அதைப் படமெடுத்து யாரிடமும் காட்ட முடியாது. கட்டடம் வரையப் பலர் முன்வந்த அந்தக் குழுவில் இந்த வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். துறைமுகத்தில் வேலை கிடைத்து அவர் போனபிறகு, அவர் எழுதிவைத்த ஸ்கிரிப்டை, அதாவது விளையாட்டை இயக்கும் நிரல்வரிகளைப் புரிந்துகொண்டு தொடர மற்றவர்களால் இயலவில்லை. சம்பளம் இல்லாத இடத்தில், பிடிக்காத வேலையையும் நீ செய்துதான் ஆக வேண்டும் என்று ஒருவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மாட்கள் நின்றுபோவதற்கு நான் காணும் முதற்காரணம் இதுவே.

தேர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். 1998-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டை ரசிகர்கள் புதிதாக உருவாக்கிய ‘பிளாக் மெசா’ 2012-இல் இலவசமாக வெளியானபோது, ‘ஜென்’ என்னும் இறுதிப் பகுதி அதில் இல்லை. மூல நிறுவனமான வால்வின் ஒப்புதலோடு 2015-இல் அதை விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். 2020-இல்தான் அது முழுமை பெற்றது. பணம் வரத் தொடங்கிய பிறகே கடைசிப் பகுதி முடிந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மூல விளையாட்டில் செய்யப்படும் மாற்றமும் மாட்டைப் பாதிக்கும். 2024 ஏப்ரலில் வரவிருந்த ‘ஃபால்அவுட்: லண்டன்’ என்னும் மாட், அதே மாதம் அதன் மூல விளையாட்டான ‘ஃபால்அவுட் 4’க்கு வந்த அப்டேட்டினால் ஜூலைக்குத் தள்ளிப்போனது.

2002-இல் வந்த ‘மாரோவிண்ட்’ விளையாட்டில் இடம்பெறாத நிலப்பரப்பைக் கட்டிவரும் ‘டாம்ரியல் ரீபில்ட்’ குழுவினர், இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை முடிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் ஒவ்வொரு வட்டாரமாக முடித்து வெளியிடுவதால், ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் அதுவரை கட்டியது ஆடுவதற்குக் கிடைக்கிறது. நம் பிள்ளைகளிடமும் இதைத்தான் வலியுறுத்தினேன். எண்ணூரை இப்போதைக்கு விட்டுவிட்டு, கல்மண்டபத்திலிருந்து ராயபுரம் ரயில் நிலையம் வரையிலான பகுதியை மட்டும் முடிப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். தூண்களை வரைந்த மாணவியே தரைப்பரப்பு அமைக்கவும் கற்றுக்கொண்டு வருகிறார். ஸ்கிரிப்ட் எழுத மட்டும் இன்னும் ஆள் இல்லை. அந்த வேலை தெரிந்த நேயர்கள், தங்கள் பகுதியில் இப்படி ஒரு குழு இருந்தால், வாரத்தில் சில மணி நேரமாவது அவர்களோடு உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.